வெளித்தாழ்ப்பாள்

மறுநாள் மல்யுத்தத் திருவிழா. அரங்கக் காவல் சேந்தன் பொறுப்பு. "ஒரு கத்தி உள்ளே போனாலும் உன் தலை இருக்காது" என்று அரசர் சொல்லியிருந்தார். சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் குருவைக் கையோடு அழைத்துவந்து அரங்கத்தைக் காட்டினான்.

"எங்காவது ஓட்டை இருந்தால் சொல்லுங்கள், ஐயா."

வாசலில் காவலன் பொன்னாண்டி குருவின் கைத்தடியை வாங்கி வைத்துக்கொண்டான். இடுப்பைத் தடவினான். மடியிலிருந்த வெற்றிலையைக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"இதற்குள் யானையா ஒளிந்திருக்கும்?" என்றார் குரு.

"கோபிக்காதீர்கள் சாமி. என்னைப் பெற்றவள் வந்தாலும் இதேதான்."

சேந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இருவரும் உள்ளே போனார்கள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அந்த ஊர் வழக்கம் அது. அரசர் அமர்ந்துவிட்டால் எல்லா வாசலையும் வெளியிலிருந்து அடைத்துவிடுவார்கள். அவர் எழுந்த பிறகுதான் திறப்பார்கள். அன்றைய ஒத்திகையிலும் அப்படியே செய்தார்கள். வெளியே முரசு முழங்கியது.

குரு பலகைப் படிகளை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கு எவ்வளவு கூட்டம்?"

"ஊரே வரும் ஐயா."

"எனக்கு மூச்சு முட்டுகிறது. வெளியே போவோம்."

சேந்தன் கதவைத் தட்டினான். மறுபடி தட்டினான். பிறகு தோளால் இடித்தான். கத்தினான். ஆளில்லாத அரங்கிலேயே முரசொலியில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. முரசு ஓய்ந்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

"நீங்களா தட்டினீர்கள்? உள்ளேயும் ஒரு முரசு வைத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்" என்று பொன்னாண்டி சிரித்தான்.

சேந்தனின் மேல்துண்டு வியர்வையில் ஊறியிருந்தது. குருவைத் தனியே இழுத்துப்போனான்.

"கதவுகளைத் திறந்து வைக்கலாம்தான். அரசரிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னால் என் வேலை போய்விடும், ஐயா."

"கத்தி வராதே?"

"வராது."

"நிச்சயமாக?"

"என் பிள்ளைமேல் சத்தியம்."

"பிள்ளை நாளைக்கு வருகிறானா?"

சேந்தன் தரையைப் பார்த்தான்.

"மல்லர்களைப் பார்க்கணும் என்று ஒரே அழுகை. அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இரண்டு பேரும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று."

"எப்போது சொன்னாய்?"

"போன வாரமே."

குரு மெல்லத் தலையாட்டினார்.

"நல்லது. ஊரில் ஒரு பிள்ளைக்குக் காவல் போட்டுவிட்டாய்."