எருமை ஏன் மழையில் ஒதுங்குவதில்லை

தண்ணீருக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆவாரங்குளத்தில் காராயி என்றொரு எருமை கிடப்பாள். குளத்துத் தண்ணீரும் அவளும் அக்கா தங்கச்சி மாதிரி. விடிந்ததும் இறங்கினால் பொழுது சாயத்தான் கரையேறுவாள். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஓயாத பேச்சு.

ஒரு வருஷம் மழை பொய்த்துவிட்டது. கரையோரத்து மருதமர வேரைத் தொட்டுக்கொண்டு கிடந்த தண்ணீர் வற்றி வற்றி, நடுவில் ஒரு சின்னப் பள்ளத்துக்குள் ஒடுங்கிப்போயிற்று. மீன் கிடைக்காத கொக்கு, படுத்தபடியே குளத்தைக் குடித்தவள் இவள்தான், வயிற்றைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. நரி அதற்கு ஒத்து ஊதியது.

காராயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கவலை வேறு. அவளுடைய கன்று வெயில் தாங்காமல் சுருண்டு கிடந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மடியில் வாய் வைக்கவில்லை.

பள்ளத்தில் மிச்சமிருந்த தண்ணீர் கூப்பிட்டது.

"அக்கா, என்னைச் சேத்தோட குழைச்சுப் பிள்ளை மேல பூசு. ஆவியா மேல போக எனக்குச் சூடு வேணும். அவன் உடம்புச் சூட்டை வாங்கிக்கிட்டுப் போயிடறேன்."

"நீ போயிட்டா நான் யாரோட பேசுவேன்?"

"செத்தா போறேன்? கண்ணுக்குத் தெரியமாட்டேன், அவ்வளவுதான். ஒரு சொட்டுக் குறையாம வந்துடுவேன். ஆனா அம்மாம் உசரத்துலேர்ந்து பார்த்தா எது நம்ம குளம்னு எப்படித் தெரியும்?"

"என் முதுகைப் பார்த்து இறங்கு. இந்தக் கரையில என்னை விட்டாக் கருப்பு யாரு? நீ வர்றப்ப நகராம நிப்பேன்."

காராயி சேற்றை அள்ளிக் கன்றின் மேல் பூசினாள். ஈரம் காயக் காய உடம்பு குளிர்ந்தது. கன்று கண்ணைத் திறந்து மடியைத் தேடியது. பள்ளம் காய்ந்து வெடித்துவிட்டது.

கடைசிச் சொட்டையும் தீர்த்தவள் இனிக் குளத்தில் கால் வைக்கக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து துரத்தினார்கள். அவள் கரையிலேயே கிடந்தாள். காது மடலில் அலை தட்டித் தட்டித் தங்கச்சி பேசியதையெல்லாம் நினைத்து நினைத்து அசைபோட்டாள்.

ஒருநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறலுக்கே கொக்கும் நரியும் மரத்தடிக்கு ஓடின. கன்றையும் அங்கே அனுப்பிவிட்டுக் காராயி வெட்டவெளியில் போய் நின்றாள். நனையாமல் உள்ளே வாடி மண்டு என்று கொக்கு கூப்பிட்டதற்கும் அசையவில்லை. முதுகில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

"வந்துட்டேன் அக்கா."

"இப்படிச் சில்லுன்னு இருக்கியே. பிள்ளைகிட்ட வாங்கின சூடு எங்கடி?"

"மறுபடி தண்ணியாகறப்ப மேலேயே இறக்கி வெச்சுட்டேன். அதையும் சுமந்துக்கிட்டு எப்படி வர்றது?"

மழை விட்டபோது தண்ணீர் பழையபடி அதே மருதமர வேரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொக்கு வேரைப் பார்த்தது, காராயியின் வயிற்றைப் பார்த்தது, நகர்ந்து வழி விட்டது.

அன்றைக்குப் பிடித்துத்தான் எருமை மழைக்கு ஒதுங்குவதே இல்லை. சுரணை இல்லாத ஜென்மம் என்று சொல்லிவிட்டு நாம் குடையோடு கடந்து போகிறோம். அது அரைக்கண் மூடித் தங்கச்சியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.