கூடுதலாக வந்த ஒரு கூடைக் கிழங்கு

நாணல் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு குகை இருந்தது. குகை நிறைய வள்ளிக்கிழங்கு. அத்தனைக்கும் சொந்தக்காரன் கரும்பாறை என்ற கரடி. காவல் காக்கும் வேலை ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு.

பொழுது சாய்ந்தால் காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். ஈட்டியப்பன் வாசலில் முதுகைத் திருப்பி நின்று முட்களைச் சிலிர்க்கும். அவ்வளவுதான்! பன்றிகள் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு வந்த வழியே ஓடிவிடும்.

கூலி, அமாவாசைக்கு அமாவாசை ஒரு கூடைக் கிழங்கு. அளந்து கொடுப்பவர் மேனேஜர் கிளையாண்டி. அது ஒரு குரங்கு. முதலாளியின் முதுகில் பேன் பார்ப்பதுதான் மேனேஜருக்கு முக்கிய வேலை. நேரம் மிஞ்சினால் மற்ற வேலைகளையும் பார்க்கும்.

ஒரு அமாவாசையன்று குரங்கு ஒரு கையால் பேன் பார்த்தபடியே மறு கையால் ஒரு கூடைக் கிழங்கை ஈட்டியப்பனிடம் தள்ளியது. கொஞ்ச நேரத்தில், கொடுத்ததை மறந்துவிட்டு இன்னொரு கூடையையும் தள்ளியது.

"மேனேஜரே, நான் வாங்கிட்டேனே! இது எதுக்கு?" என்றது ஈட்டியப்பன்.

"குடுத்தா வாங்கிக்கணும்! மேலிடத்துல யோசிக்காமலா குடுப்பாங்க? போ, போ! முக்கியமான வேலையில இருக்கேன்!"

ஈட்டியப்பன் இரண்டு கூடையையும் வளைக்கு உருட்டிக்கொண்டு போனது. அங்கே அதன் மனைவி ஊசிமணி அப்போதுதான் குட்டிகள் போட்டிருந்தது.

"குட்டி பிறந்த சேதி கேட்டு முதலாளி அன்பா குடுத்திருக்கார் போல!" என்றது ஈட்டியப்பன்.

"யாரு, நம்ம முதலாளியா? அன்பாவா?" என்று ஊசிமணி ஒரு மாதிரியாகப் பார்த்தது. ஆனால் பிள்ளை பெற்ற பசி எதையும் யோசிக்க விடவில்லை. அந்தக் கிழங்கு முழுவதும் ஊசிமணிக்குப் பாலாகி, குட்டிகளின் வயிற்றுக்குப் போய்விட்டது.

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள். கரடி வழக்கம்போல் கிழங்குக் குவியலில் சாய்ந்து படுத்தது. முதுகுக்குக் கீழே குவியல் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

"கிளையாண்டி! கிழங்கு குறையுதே!"

குரங்குக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு நொடி வெலவெலத்துப் போனது. அடுத்த நொடியே நிமிர்ந்து, "முதலாளி! காவல்காரன் போன தடவை ரெண்டு கூடை வாங்கிட்டான்!" என்றது.

"குடுத்தது யாரு?"

"வாங்கினது அவன், முதலாளி!"

கரடிக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. ஈட்டியப்பனைக் கூப்பிட்டு உறுமியது. "நாளைக் காலையில என் கூடைக் கிழங்கு இங்கே இருக்கணும்! இல்லேன்னா, நீ திருடன்னு காடு முழுக்கச் சொல்லிடுவேன்!"

ஈட்டியப்பனின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. பல்லைக் காட்டிய பன்றிகளைப் பார்த்தும் பயப்படாத அது, அந்த ஒரு சொல்லைக் கேட்டு நடுங்கிப்போனது.

வழியில் வழக்குவாயன் என்ற நரி எதிரே வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதற்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"இதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கறே? வாங்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணு! சாட்சி அந்தக் குரங்கு ஒண்ணுதானே? எனக்கு அரைக் கூடை குடு, உனக்காக நானே வந்து ஊளையிடறேன்!"

ஈட்டியப்பன் வளைக்கு வந்து இதைச் சொன்னதும் ஊசிமணிக்குக் கோபம் வந்தது.

"வாங்கினோம், தின்னோம். இல்லைன்னு எப்படிங்க சொல்றது? திருப்பித்தான் குடுக்கணும். ஆனா குட்டிகளைப் பட்டினி போட்டுட்டு ஒரேயடியா குடுக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமா தர்றோம்னு நேர்ல போய்ச் சொல்லுங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மட்டும் சொல்லாதீங்க!"

காலையில் ஈட்டியப்பன் கரடிக்கு முன்னால் போய் நின்றது.

"முதலாளி, கூடுதலா வந்தது வாஸ்தவம். நான் அப்பவே மேனேஜர்கிட்ட கேட்டேன், வாங்கிக்கன்னு சொன்னார். போகட்டும், உங்க கிழங்கு எனக்கு வேண்டாம். ஒவ்வொரு கூலியிலும் கால் கூடை பிடிச்சுக்குங்க. கைக்குழந்தைங்க இருக்கிற வீடு."

"ஐயய்யோ, என்கிட்டயா கேட்டான்? எப்போ?" என்று குரங்கு கண்ணை அகலமாக விரித்தது. பிறகு கரடியின் காதருகே குனிந்து, "இன்னைக்குக் கூலி நாள்தானே முதலாளி? முழுக் கூடையையும் பிடிச்சுக்குங்க! இத்தனை நாள் வெச்சிருந்ததுக்கு வட்டியும் போட்டுடலாம்!" என்றது.

"தப்பு உங்க கையில நடந்தது, வட்டி மட்டும் என் தலையிலயா?" என்றது ஈட்டியப்பன்.

"எதிர்த்துப் பேசாதே!" என்றது கரடி. "இந்தத் தடவை கூலி கிடையாது! வட்டியை அடுத்த தடவை பார்த்துக்கலாம்!"

ஈட்டியப்பன் அமைதியாகச் சொன்னது. "சரி முதலாளி. கூலி இல்லைன்னா, பொழுது சாயும்போது நான் காட்டுக்குள்ள போய்க் கிழங்கு தோண்டித்தான் ஆகணும். அந்த நேரத்துக் காவலுக்கு வேற ஆள் பாருங்க. இப்பவே சொல்லிட்டேன்."

"வேற ஆளா? எதுக்கு?" என்று குரங்கு துள்ளியது. "நானே நிக்கறேன் முதலாளி! வாசல்ல முதுகைக் காட்டி நிக்கறதெல்லாம் ஒரு வேலையா?"

ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்து இரண்டு வேலை வாங்கலாம் என்றதும் கரடிக்கு வாயெல்லாம் பல். ஓடைக்கரைப் பாறையில் போய் நிம்மதியாகப் படுத்துத் தூங்கியது.

பொழுது சாய்ந்தது. பன்றிகள் வந்தன. குரங்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு, "யாரது? நில்லு!" என்று அதட்டியது.

பன்றித் தலைவன் நின்றது. "நின்னுட்டேன். அப்புறம்?"

குரங்குக்கு அப்புறம் என்னவென்று தெரியவில்லை. ஒரே தாவலில் பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டது. மேலே போனதும் மேனேஜர் குரல் திரும்ப வந்துவிட்டது. "தள்ளாதீங்க! வரிசையா போங்க!" என்று உத்தரவு போட்டது.

சத்தம் கேட்டுக் கரடி ஓடிவந்தபோது குகையில் தோல்கூட மிச்சமில்லை. பன்றிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு நடக்க முடியாமல் நடந்து போய்க்கொண்டிருந்தன.

"டேய்! நாளைக் காலைக்குள்ள என் கிழங்கையெல்லாம் திருப்பிக் குடுக்கணும்!" என்று கரடி கத்தியது.

பன்றித் தலைவன் ஒரு நீண்ட ஏப்பம் விட்டது. "தாராளமா குடுக்கறோம் முதலாளி! விடிஞ்சதும் அந்தப் புதர்ப் பக்கம் வாங்க. தின்னதெல்லாம் வெளியே வந்திருக்கும். கூடையோட வந்து அள்ளிக்குங்க!"

மறுநாள் முதல் கரடி தானே மண்ணைத் தோண்டியது. பழக்கமில்லாத நகம் பிய்ந்தது. தோண்டிச் சேர்த்ததையும் வைத்துவிட்டு நகர முடியவில்லை. தோண்டப் போனால் பன்றி வரும், காவலுக்கு நின்றால் தோண்ட ஆளில்லை. கடைசியில் கொஞ்சம் கிழங்கை அள்ளிக்கொண்டு முள்ளம்பன்றி வளைக்கே போய் நின்றது.

"ஈட்டியப்பா, வட்டியெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொன்னது. இந்தா, கூலியை முன்னாடியே தர்றேன், வேலைக்கு வந்துடு!"

ஈட்டியப்பன் கிழங்கைப் பார்த்தது. குட்டிகளும் மூக்கை நீட்டின. ஆனால் முள்ளம்பன்றியின் கண்கள் மண் படிந்த தன் முன்னங்கால்களுக்குத் திரும்பின.

"உங்க பாக்கி நீங்க பிடிச்ச அந்தக் கூடையோட தீர்ந்தது முதலாளி. இப்போ நான் தோண்டறது எங்களுக்குப் போதும். வாயில வெச்ச கிழங்குக்கு எப்போ திருடன் பட்டம் வருமோன்னு பயந்துக்கிட்டே தின்ன என்னால முடியாது. எடுத்துக்கிட்டுப் போங்க."

கரடி திரும்பி நடந்தது. முதுகில் தொற்றியிருந்த குரங்கு, "போனா போறான் முதலாளி!" என்று சொல்லிக்கொண்டே ஒரு பேனை எடுத்து நசுக்கியது.

கை தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டவன், வாங்கியவனின் வயிற்றையும் மானத்தையும் பார்க்காமல் திருப்பிக் கேட்டால், அவனுக்குப் பாக்கி வசூலாகும், ஆனால் நல்ல ஆள் போய்விடுவான்.