மேல் இரண்டு பக்கிள்

சிறுமலை அடிவாரத்தில், ஒரு புளியந்தோப்பை ஒட்டி பெனிட்டாவின் பயிற்சித் திடல் இருந்தது. திடல் என்றால் மேடு, பள்ளம், உருட்டுக் கல், அவ்வளவுதான். கரடுமுரடான பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட அங்கே கற்றுக்கொடுத்தார். வயது முப்பத்தொன்று. வருகிறவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

நாற்பத்தாறு வயதுச் சௌந்தரபாண்டியும் அப்படித்தான் கூப்பிட்டான்.

அவன் சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவன். தடுப்பூசிப் பெட்டியை மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்கு வண்டியில் கொண்டுபோன தவமணி போன மாதம் விழுந்துவிட்டார். கணுக்கால் நொறுங்கிவிட்டது. இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது சிரமம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெட்டி சௌந்தரபாண்டியின் பொறுப்பு.

அன்று சனிக்கிழமை. அவனுக்குச் சோறு இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

"எந்த பூட்ஸ் போட்டா பயம் போகும் மாஸ்டர்?"

மாஸ்டர் ஷெட்டுக்குள் போய் இரண்டு ஜோடி எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார்.

ஒன்று கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரம். மெத்தென்ற தோல். கயிறு கட்டுவது. இன்னொன்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வந்தது. முன்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நாலு பட்டை, ஒவ்வொன்றையும் இறுக்கி மாட்ட ஒரு பக்கிள்.

சௌந்தரபாண்டி முதல் ஜோடியை மாட்டிக்கொண்டு புளியமரம் வரை நடந்து போய்த் திரும்பினான். முகம் தெளிந்தது.

"செருப்பு மாதிரி இருக்கு மாஸ்டர். இதுவே போதும்."

"அதையும் போட்டுப் பாருங்கண்ணே."

போட்டுப் பார்த்தான். பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை தடுமாறினான்.

"காலுக்கு சிமெண்டு பூசின மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு எப்படி நடக்கிறது?"

"எங்க நடந்து போகப் போறீங்க?"

"வண்டியிலதான் போறேன்."

"பின்ன என்னத்துக்கு நடந்து பாக்குறீங்க? மாப்பிள்ளை அழைப்புக்கா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷெட் மூலையில் பொங்கலுக்கு வாங்கிய கரும்பு ஒன்று மிச்சம் இருந்தது. மாஸ்டர் அதில் ஒரு முழத் துண்டை வெட்டினார். மெத்தென்ற பூட்ஸுக்குள் அதைச் செருகிக் கயிற்றை இறுக்கிக் கட்டித் தரையில் சாய்த்து வைத்தார். வண்டியை உருட்டிவந்து, கால் வைக்கும் இரும்பு ஃபுட்ரெஸ்ட் அதன்மேல் படும்படி மெல்லப் படுக்கவைத்தார்.

சடக் என்றது.

சௌந்தரபாண்டி தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். பூட்ஸின் தோலில் ஒரு சுருக்கம் கூட இல்லை. கயிறு கோத்த ஓட்டைகள் வழியாகக் கரும்புச் சாறு கசிந்து வந்தது.

அந்த ஜோடியை அவன் அதற்குப் பிறகு தொடவில்லை. உயர ஜோடியை எடுத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தான். 

"தவமணி அண்ணனும் இந்த மாதிரிதான் வச்சிருந்தாரு மாஸ்டர். ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு அடியில பாத்தேன். பாதையில கிடந்துச்சாம், யாரோ எடுத்தாந்து வச்சிருந்தாங்க. ஒரு கீறல் இல்ல. பூட்ஸு புதுசா இருக்கு, காலு போயிடுச்சு. அப்புறம் இதைப் போட்டு என்ன?"

"பாதையில கிடந்துச்சா?"

"ஆமா."



அவன் கீழே இருந்த இரண்டு பக்கிளை மாட்டியிருந்தான். மேல் இரண்டும் மாட்டினால் ஆடுசதையைக் கவ்வியதால், அவற்றை அப்படியே தொங்க விட்டிருந்தான். மாஸ்டர் அதைப் பார்த்தார். 

"வலது காலை நீட்டுங்கண்ணே."

நீட்டினான். மாஸ்டர் வண்டியை உருட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினார். ஃபுட்ரெஸ்ட் அவன் காலுக்கு நேர் மேலே வந்தது. வண்டி சாயத் தொடங்கியது.

"என்ன பண்றீங்க?"

"கரும்புக்குப் பண்ணினதுதான்."

"விளையாடாதீங்க மாஸ்டர்."

"நான் என்னைக்கு விளையாடியிருக்கேன்?"

வண்டி இன்னும் சாய்ந்தது. டாங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சரியும் சத்தம் கேட்டது. காலை இழுத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் தொடை மரத்துப்போய்விட்டது. காதுக்குள் சடக் என்று மறுபடி கேட்டது.

"இருங்க! இருங்க மாஸ்டர்! ரெண்டு மாட்டல!"

வண்டி அந்தச் சாய்விலேயே நின்றது.

அவன் குனிந்து மூன்றாவதை மாட்டினான். விரல் வழுக்கியது. நாலாவதை மாட்டினான். கீழ் இரண்டையும் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

கைப்பிடியை விடாமல் மாஸ்டர் வண்டியை இறக்கினார். ஃபுட்ரெஸ்ட் தகட்டின்மேல் கரகரவென்று உட்கார்ந்தது. பாரம் தெரிந்தது. வலி வரவில்லை. அவன் பூட்ஸுக்குள் கட்டைவிரலை அசைத்தான். அசைந்தது. மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான்.

மாஸ்டர் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார்.

சௌந்தரபாண்டி பக்கிள்களைக் கழற்றினான். இறுக்கி மாட்டிய இடத்தில் நாலு பட்டையிலும் மடிப்பு விழுந்திருந்தது. மேல் பட்டையின் மடிப்பை விரலால் தடவினான்.

"மாஸ்டர், தவமணி அண்ணன் பூட்ஸுல கீழ் ரெண்டு பட்டையிலதான் மடிப்பு இருந்துச்சு. மேல ரெண்டும் கடையில இருந்து வந்த மாதிரி நேரா இருந்துச்சு."

"ம்."

"மாட்டவே இல்லையா?"

"மாட்டியிருந்தா பூட்ஸு பாதையில கிடக்காது. காலோட வந்திருக்கும்."

தோப்பிலிருந்து காற்று வந்தது. கரும்புச் சாற்றில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது மாஸ்டர். ஒத்தக் கையில பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கையில ஓட்டுவாரு. நாங்க எல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு நிப்போம்." அவன் தன் கைகளை நீட்டினான். "என்னைப் பாருங்க. பூட்ஸு கிடைச்சிடுச்சு, நடுக்கம் நிக்கல. திங்கட்கிழமை இந்தப் பயத்தையும் சுமந்துக்கிட்டா மலை ஏறுறது?"

மாஸ்டர் வண்டிச் சாவியை அந்த நடுங்கும் கையில் வைத்தார்.

"அந்தப் பயத்தையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே. மேல் ரெண்டு பக்கிளை மாட்ட வச்சது அதுதானே."