வெள்ளையாக விட்ட பள்ளத்தாக்கு

மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஏழை நாடு. அங்கே மழையை முன்கூட்டிச் சொல்லும் அலுவலகத்தில் ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். சிஷ்யர் வேலாயுதத்துக்குத் தலை முழுக்க நரை. குரு கமலவேணிக்கு இன்னும் ஒரு முடிகூட வெளுக்கவில்லை. அதனால் என்ன, வித்தை தெரிந்தவர்தானே குரு! வேலாயுதம் அவரை வாய் நிறைய அம்மா என்றே கூப்பிடுவார்.

அன்று காலை வேலாயுதத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பணக்கார நாடு ஒன்று கொடுத்த புதுக் கணினியில், நாடு முழுவதற்குமான வெள்ள முன்னறிவிப்புப் படத்தை முதல்முறையாக அவரே போட்டிருந்தார். மூலை முடுக்கெல்லாம் வண்ணம். சிவப்பென்றால் ஆபத்து, பச்சையென்றால் பயமில்லை. அவர் மகள் செண்பகவல்லி வாழ்க்கைப்பட்டுப் போன ஏலப்பள்ளத்தாக்கு பச்சையாக இருந்தது. கைக்குழந்தைக்காரி, ஆற்றங்கரையை ஒட்டி வீடு. வேலாயுதம் உடனே அவளைக் கூப்பிட்டு, பயப்படாமல் இரு, அப்பா பார்த்துவிட்டேன் என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போனை வைத்துவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு கமலவேணியிடம் ஓடினார்.

"இதுல ஒரு குறை சொல்லுங்கம்மா, பார்ப்போம்."

கமலவேணி நிதானமாகப் பார்த்தார். ஏலப்பள்ளத்தாக்கின் மேல் விரலை வைத்தார்.

"இங்க மழையை அளந்தது யாரு?"

அங்கே மழைமானியே கிடையாது. வாங்கி வைக்க வக்கில்லாத நாடு. சுற்றியுள்ள ஊர்களின் மழைக் கணக்கை வைத்து, நடுவில் இருக்கும் ஓட்டையைக் கணினியே அடைத்துவிடும் என்று வேலாயுதம் விளக்கினார். கணினியின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகவும் சொன்னார்.

கமலவேணி கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். விசைப்பலகையை இழுத்துப் பச்சையை அழித்தார். பள்ளத்தாக்கு இருந்த இடம் வெறும் வெள்ளையானது. அதன்மேல் 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று தட்டச்சு செய்து, கீழே அலுவலகத் தொலைபேசி எண்ணையும் போட்டார்.

வேலாயுதம் அவர் கையைத் தடுக்கப் போனார். ஊர் சிரிக்குமே, கணினி கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று மன்றாடினார். கமலவேணி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மத்தியானத் தொலைக்காட்சிச் செய்தியில், நாட்டின் நடுவில் ஓட்டையோடு, படம் அப்படியே போயிற்று. வேலாயுதம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செய்தி முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. ஏலப்பள்ளத்தாக்கில் டீக்கடை வைத்திருப்பவராம். மனிதர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"எங்க ஊரு இந்த நாட்டுல இல்லையா? ராத்திரி பிடிச்ச மழை இன்னும் விடல. வாசல்ல வச்ச அண்டா ரொம்பி வழியுது. உங்களுக்குத் தெரியலையாம்ல!"

வேலாயுதம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். எந்த ஊர், எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுக் கணினியில் ஏற்றினார். அதற்குள் இன்னொரு அழைப்பு. ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஓடை பாலத்தைத் தொட்டுவிட்டது என்று கத்தினாள். அப்புறம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பஸ் கண்டக்டர். எல்லாரும் திட்டினார்கள், திட்டிக்கொண்டே சேதியும் சொன்னார்கள். அலுவலகமே அமர்க்களப்பட்டது. பியூன் ஒரு போனை எடுத்தார், கணக்கர் இன்னொன்றை எடுத்தார். வெள்ளையில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு ஏறியது. மறுபடி கணக்குப் போட்டதில், பொழுது சாய்வதற்குள் ஆறு கரையை உடைக்கும் என்று வந்தது.

வேலாயுதம் மகளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்துப் பார்த்தார், பலனில்லை. ஆனாலும் வானொலியில் எச்சரிக்கையை அவர்தான் படித்தார், குரல் உடையாமல் படித்தார். திட்டியவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறச் சொன்னார்.

சொன்னபடியே ஆறு வந்தது. ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை. மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து, யாருடைய போனையோ வாங்கி, செண்பகவல்லி பேசினாள். டீக்கடைக்காரர்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினாராம். பின்னால் பேரன் வீறிட்டு அழுவது கேட்டது. அந்த அழுகையைக் கேட்கக் கேட்க வேலாயுதத்துக்குத் தித்தித்தது.

போனை வைத்தவருக்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே கோபமும் வந்தது.

"இவ்வளவு தெரிஞ்ச ஜனங்க இத்தனை வருஷமா எங்கம்மா போயிருந்தாங்க? ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

தொலைபேசி மறுபடி அடித்தது. கமலவேணி அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அங்கேயேதான் இருந்தாங்க. தெரியலைன்னு நாம இன்னிக்குத்தானே சொன்னோம்."