பட்டிழையில் பிறந்த சண்டை

கேளுங்கள், மேகங்கள் மலையிறங்கி வந்து வீட்டு வாசலில் நின்ற காலத்துக் கதை இது. சீன தேசத்து மலையூர் ஒன்றில் ஷென் போ என்று ஒரு போர்வீரன் இருந்தான். ஒரு குத்தில் கதவைப் பிளப்பான், ஓர் உதையில் குதிரையைச் சாய்ப்பான், ஓர் அதட்டலில் கூட்டத்தைக் கலைப்பான்.

அத்தனை பலமும் ஒரு குளிர்காலக் காய்ச்சலில் போய்விட்டது. நடந்தால் இருமல், நின்றால் மூச்சிரைப்பு. படையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவன் மனைவி யூலான், வெந்நீரில் பட்டுக்கூடுகளைப் போட்டு இழை எடுத்துக்கொண்டிருந்தாள். இவனும் உதவிக்கு உட்கார்ந்தான். வெடுக்கென்று இழுத்தான், இழை அறுந்தது. பயந்துபோய்த் தளர விட்டான், சிக்கு விழுந்தது.

"ஏங்க, அது என்ன எதிரிப் படையா? இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க!" என்று சிரித்தாள் யூலான்.

வெட்கத்தோடு மறுபடி தொட்டான். இறுக்காமல், தளர்த்தாமல், நடுவில் நிறுத்தாமல். இழை வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாதத்தில் தொடங்கி இடுப்பு வழியாக விரல் நுனிவரை உடம்பே மெல்லச் சுழல்வதுபோல் இருந்தது அவனுக்கு. நாளாக ஆக, மூச்சும் அதே நிதானத்துக்கு வந்தது.

அந்தப் பருவத்தில்தான் மலைக்கொள்ளையன் காவோ வந்தான். ஊராரின் பட்டுக்கூடுகளையெல்லாம் மூட்டை கட்டச் சொன்னான். அவை போனால் அந்த வருஷம் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஷென் போ குறுக்கே நின்றான். "மூணு தரம் என்னைத் தள்ளு. ஒரு தரமாவது நான் விழாம நின்னுட்டா, நீ வெறுங்கையோட போயிடணும்."

"அடேய் இருமல்காரா, உன்னைத் தள்ளக் கை எதுக்கு? ஊதினாலே போதுமே!" என்றான் காவோ.

முதல் தரம், பழைய வீரனாக விறைத்து நின்றான் ஷென் போ. சுவரில் மோதி விழுந்தான். இரண்டாம் தரம், பயத்தில் துவண்டான். மண்ணில் உருண்டான்.

"போதுங்க! கூடு போனா போகட்டும், நீங்க எனக்கு இருந்தாப் போதும்!" என்று அலறினாள் யூலான்.

அவன் எழுந்தான். கோபம் இல்லை, பயமும் இல்லை. பாய்ந்து வந்த காவோவின் கையை, வெந்நீர்க் கொப்பரையில் மிதக்கும் இழையைத் தொடுவதுபோல் தொட்டான். கை வந்தது, அதனோடு கூடவே போனான், இடுப்பு மெல்லத் திரும்பியது. அவ்வளவுதான்! மலைபோல வந்தவன் அவனைத் தாண்டிப் பறந்துபோய் பட்டுப்புழுக்களுக்காகப் பறித்துவைத்த முசுக்கொட்டை இலைக் குவியலில் குப்புற விழுந்தான்.

ஊரார் ஓடி வந்து சுற்றி நின்றார்கள்.

"யார் என்னை அடிச்சது?" என்றான் காவோ, வாயிலிருந்த இலையைத் துப்பிவிட்டு.

"யாரும் அடிக்கலை தம்பி. நீ வந்த வேகம்தான் உன்னைக் கூட்டிட்டுப் போச்சு" என்றான் ஷென் போ.

காவோ எழுந்து, தலை வணங்கி, வெறுங்கையோடு போனான்.

மறுநாள் விடிந்ததும் ஊரார் ஷென் போவின் முற்றத்தில் கூடி, காற்றில் இழை எடுப்பதுபோல் மெல்லக் கைகளை அசைத்தார்கள். நாளடைவில் தூக்கம் வராதவர்கள் தூங்கினார்கள், முழங்கால் வலிக்காரர்கள் நடந்தார்கள், முன்கோபிகள் சிரித்தார்கள். அடிக்காமல் வெல்லும் அந்தக் கலை மலை தாண்டி, ஆறு தாண்டி, கடல் தாண்டிப் போனது.

எதிர்த்து வரும் பலத்தை முறிக்கப் பார்க்காமல், பதறாமல் தொட்டுத் திருப்பத் தெரிந்தவரே உண்மையான பலசாலி.