ஒல்லி வளையம், குண்டு வளையம்

ஒரு காட்டில் மழைச் சத்தம் கேட்டது. ஆனால் யாரும் நனையவில்லை.

விழிக்காதீர்கள் பிள்ளைகளே, அந்தக் காட்டு விலங்குகளும் உங்களைப் போலத்தான் விழித்தன. காடு முழுக்கத் தேக்கு மரங்கள். முதல் மழை பெய்து ஓய்ந்து, புது இலைகள் தளதளவென்று வந்திருந்தன. அந்த இலைகளுக்குள்ளிருந்துதான் பொடபொடவென்று தூறல் சத்தம். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு மேகம் இல்லை. முதுகைத் தடவிப் பார்த்தால் ஈரம் இல்லை. கறுப்பு மணல் மாதிரி ஏதோ பொடி மட்டும் ஒட்டியிருந்தது.

அந்தச் சத்தம் ஓய்ந்தபோது தேக்கு மரங்களில் இலையே இல்லை! நரம்பு மட்டும் சல்லடையாகத் தொங்கியது. கோடையில் மொட்டையாக நிற்க வேண்டிய மரம் மழைக்காலத்தில் மொட்டையாக நின்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

காட்டுக்குத் தலைவர் கரடி. உடம்பு பெரியது, குரல் அதைவிடப் பெரியது, பொறுமை மட்டும் கொஞ்சம் சின்னது. "எல்லாரும் சாலையோரம் கூடுங்க!" என்று கத்தியது. கூடின. ஆளாளுக்கு ஒன்று பேசின. ஒருவர் பேசியது இன்னொருவருக்குக் கேட்கவில்லை, கேட்டவர்களுக்கும் புரியவில்லை.

காட்டுப்பன்றி முன்னால் வந்தது. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் பிறவி அது.

"புழுதான் தலைவரே! இலையில நூல் விட்டுத் தொங்குச்சே, அந்தக் கறுப்புப் புழு. மழைச் சத்தம்னு நினைச்சோமே, அது புழு போட்ட எச்சம். நம்ம முதுகுல ஒட்டியிருக்கிறதும் அதுதான்."

எல்லாரும் முகத்தைச் சுளித்து முதுகை உதறினார்கள்.

"சீச்சீ! என் நகத்துல பாதி இல்லாத புழுவா இத்தனை பெரிய காட்டைத் தின்னும்? எங்கே அந்தப் புழு? ஒண்ணே ஒண்ணு காட்டு பார்ப்போம்" என்றது கரடி.

பன்றி தேடியது. இலையிலும் இல்லை, கிளையிலும் இல்லை. தின்று முடித்த புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிக்கொண்டது பாவம் பன்றிக்குத் தெரியாது. "நேத்துகூட இருந்துச்சே..." என்று இழுத்தது. அதற்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் நரி தொண்டையைக் கனைத்தது.

சாலை போடுவதற்காக மனிதர்கள் போன கோடையில் இரண்டு மரங்களை அறுத்துப் போயிருந்தார்கள். ஒன்று தேக்கு, பக்கத்திலேயே ஒன்று வேங்கை. இரண்டின் அடிக்கட்டைகளும் தரையோடு நின்றன. வேங்கைக் கட்டையின் மேல் வாலைப் பரப்பிப் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தது நரி.

"தலைவரே, இந்தத் தேக்குக் கட்டையைப் பாருங்க. வட்டம் வட்டமா கோடு தெரியுதா? மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். வயிறாரச் சாப்பிட்ட வருஷத்துல குண்டு வளையம். பட்டினி கிடந்த வருஷத்துல ஒல்லி வளையம்."

"அட!" என்றன எல்லாம். இதுவரை நரி சொன்னது அத்தனையும் உண்மை. கவனியுங்கள் பிள்ளைகளே, கெட்டிக்காரப் பொய் எப்போதும் உண்மையின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் வரும்.

"உள்ளே தள்ளி, இதோ, ஒல்லியா ஒரு வளையம் இருக்கு. நூல் மாதிரி. அந்த வருஷம் பெரிய வறட்சி! எங்க பாட்டனார் சொல்லியிருக்கார். இந்தக் காட்டுல ஒரு குட்டிகூட மிஞ்சலையாம். தேக்கு புத்திசாலி மரம். வறட்சி வரப்போறது அதுக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான் இலையை உதிர்த்துட்டு மொட்டையா நிக்குது. நாம இன்னிக்கே கணவாயைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போயிடணும்."

கரடிக்கு முழுதும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொன்னால் தலைவர் பதவிக்கு அழகா? "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளிமான் நின்றது. அது நேற்றுத்தான் குட்டி போட்டிருந்தது. புதருக்குள் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தது. நாலு எட்டு வைத்தால் குட்டியின் கால் மடங்கும். கணவாயை எப்படி ஏறும்?

"ஐயா, என் குட்டியால நடக்க முடியாதே!"

"என்னோட ஏழும் பால்குடிங்க!" என்றது பன்றி.

நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அழாதீங்கம்மா. எனக்குப் பிள்ளையா குட்டியா? நான் இங்கேயே இருக்கேன். குட்டிகளை எல்லாம் என் வளையில விட்டுட்டுப் போங்க. வறட்சியில செத்தா அதுங்களோட நானும் சாகறேன். நான் மாமிசத்தைத் தொட்டே எவ்வளவு காலமாச்சு தெரியுமா? இலந்தைப் பழம்தான்."

நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். இந்த நரியோ நடுவில் உட்கார்ந்துகொண்டு குட்டிகளையே கேட்டது! ஆனால் குழப்பத்தில் இருப்பவர்களுக்கு எது சொன்னாலும் வழி மாதிரித் தெரியும். கரடி காலைத் தரையில் அறைந்து, "ஆணை! இன்று பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும். குட்டிகள் நரியிடம்!" என்றது.

எல்லாம் நடக்கத் தொடங்கின. மான் மட்டும் அசையவில்லை. அதற்குப் பயத்தில் ஒன்றும் ஓடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. மொட்டைத் தேக்கு, மொட்டைத் தேக்கு, மொட்டைத் தேக்கு. நடுவில் ஒரு வேங்கை மரம் பச்சைப்பசேலென்று நின்றது.

"நரியண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? வறட்சி வர்றது தேக்குக்குத் தெரிஞ்சிருக்கு. வேங்கைக்கு ஏன் தெரியலை? அது இலையோட நிக்குதே?"

நரி வாலை இன்னும் அகலமாகப் பரப்பிக்கொண்டது. பிறகு சிரித்தது. "வேங்கை முட்டாள் மரம்மா. அதுக்கு எங்கே தெரியப்போகுது? வறட்சி வந்ததும் மாட்டிக்கிட்டு முழிக்கும்."

"அப்போ போன வறட்சியிலயும் அது மாட்டிக்கிட்டுத்தானே முழிச்சிருக்கும்? உஷாரா இருந்த தேக்கே நூலா இளைச்சுப் போச்சுன்னா, முட்டாள் வேங்கை இன்னும் இளைச்சிருக்கணுமே?"

"ஆமா, இளைச்சிருக்கும்!"

"அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க. பார்த்துடலாம்."

நரி எழவில்லை. இடுப்புப் பிடிப்பு என்றது. இங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்றது. பன்றி திரும்பி வந்து ஒரு முட்டு முட்டியது. நரி மூன்று குட்டிக்கரணம் போட்டுக் கீழே விழுந்தது. கரடியும் மற்றவர்களும் திரும்பி வந்து கட்டைகளைச் சுற்றி நின்றார்கள்.

இரண்டு மரமும் ஒரே கோடையில் அறுபட்டவை அல்லவா? ஆகவே இரண்டிலும் பட்டையை ஒட்டிய வளையம் ஒரே வருஷத்து வளையம். பன்றி தேக்கில் மூக்கை வைத்தது. மான் வேங்கையில் குளம்பை வைத்தது. பட்டையிலிருந்து உள்ளே, ஆளுக்கு ஒரு வளையமாகச் சேர்ந்தே போனார்கள்.

"குண்டு!" என்றது பன்றி.

"குண்டு!" என்றது மான்.

"குண்டு!"

"குண்டு!"

இப்படியே பல வளையம் தாண்டியதும், "ஒல்லி!" என்றது பன்றி.

மானின் குளம்பும் நின்றது. "இங்கேயும்... ஒல்லி."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று நரி துள்ளியது. "ரெண்டு மரமும் சொல்லிடுச்சு! வறட்சி! கிளம்புங்க!"

கூட்டம் கலைந்துவிடும் போலிருந்தது. மானுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் குட்டியைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டோமோ என்று பதறியது. பன்றி மட்டும் குனிந்தபடியே இருந்தது.

"இரு, இரு. நரி காட்டினது இந்த வளையம் இல்லையே! அது இன்னும் உள்ளே இருக்கு. எண்ணும்மா நீ!"

மான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குளம்பை நகர்த்தியது. குண்டு, குண்டு என்று இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். பன்றியின் மூக்கு நூல் மாதிரி வளையத்துக்கு வந்தது.

"ஒல்லி! இதுதான் நரி காட்டினது!"

மான் குனிந்து பார்த்தது. மறுபடி பார்த்தது. நம்ப முடியாமல் கரடியையும் கூப்பிட்டுக் காட்டியது.

"குண்டு! நல்ல குண்டு!"

கரடி தலையைச் சொறிந்தது. "எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை. ஒரே வருஷத்துல ஒரு மரம் பட்டினி, பக்கத்து மரத்துக்கு விருந்தா?"

"மழை பொய்ச்சா ரெண்டு மரத்துக்கும்தானே பொய்க்கும் ஐயா? முன்னாடி பார்த்த வளையம் ரெண்டு மரத்துலயும் ஒல்லியா இருந்துச்சே, அதுதான் நிஜ வறட்சி. நரி காட்டின வருஷத்துல மழை நல்லாத்தான் பெஞ்சிருக்கு. வேங்கை வயிறாரச் சாப்பிட்டிருக்கு. தேக்கு மட்டும் பட்டினின்னா, அதோட இலையை மட்டும் யாரோ தின்னிருக்காங்க. இப்பவும் அதேதான்!"

"புழு!" என்று பன்றி குதித்தது. "நான் அப்பவே சொன்னேனே! அது தேக்கைத் தின்னும், வேங்கைப் பக்கம் போகாது!"

"தேக்கு அப்புறம் பிழைச்சுதா?" என்று கரடி மெல்லக் கேட்டது.

பன்றி பட்டைப் பக்கமாக ஒரு வளையம் மூக்கை நகர்த்தியது. "அடுத்த வருஷமே குண்டு, தலைவரே!"

காடே பெருமூச்சு விட்டது. நரியும் விட்டது. "நான்கூட அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கே விட்டீங்க?" என்றது.

கரடிக்கு இன்னொரு குழப்பம். "அதெல்லாம் சரி. ஆணை போட்டாச்சே! தலைவன் போட்ட ஆணைக்கு ஒருத்தர்கூடக் கிளம்பலைன்னா நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?"

"யாராவது ஒருத்தர் போனாப் போதும் ஐயா, ஆணைக்கு மரியாதை கிடைச்சுடும்" என்றது மான்.

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள்.

"நானா? எனக்கு அந்தக் காட்டுல யாரைத் தெரியும்?" என்று நரி குழைந்தது. பன்றி கொம்புப் பல்லைத் தாழ்த்தியது. அதற்குப் பிறகு நரி கணவாய் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மானும் நிற்கவில்லை. யார் பாராட்டினார்கள், கரடி என்ன சொன்னது என்றெல்லாம் கேட்காமல் புதருக்கு ஓடியது. குட்டி பசியில் கத்திக்கொண்டிருந்தது. மான் அதை நக்கிக் கொடுத்து, பால் கொடுத்தது. "எங்கேம்மா போனே?" என்று குட்டி கேட்டது. "எங்கேயும் போகலைடா கண்ணு, நாம எங்கேயும் போகலை" என்றது மான்.

நீதி: ஒருவன் காட்டும் சாட்சியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, அவன் மறைக்கும் சாட்சியையும் கேள்.