குடில் மேடை

ஆலஞ்சேரிப் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸுக்குப் பாலன் இயேசுவைக் குடிலில் வைக்கும் முறை நூறு வருடமாக வடக்குத் தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடம் அது முதன்முறையாகத் தெற்குத் தெருவுக்கு வந்தது. பெருந்தன்மையால் கொடுத்தோம் என்றது வடக்குத் தெரு. பன்னிரண்டு மனு, மூன்று மறியல், இரண்டு உடைந்த மண்டை என்றது தெற்குத் தெரு.

முறைக்காரராக யாரை அனுப்புவது என்று தெற்குத் தெரு கூடியபோது பேச்சு வளரவேயில்லை.

"அடி வாங்கின கைதான் பாலனைத் தூக்கணும்" என்றார்கள். அந்தக் கை இஞ்ஞாசியுடையது.

இஞ்ஞாசிக்கு அறுபத்தேழு வயது. பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்போடு வெளியே தள்ளியது. மற்ற படிப்பெல்லாம் துண்டறிக்கைகள் கொடுத்தது. முதலில் படித்தார், பிறகு எழுதினார், எழுதியதைச் சைக்கிளில் கொண்டுபோய் ஊர் ஊராகக் கொடுத்தார். அவருடைய முதல் துண்டறிக்கையின் தலைப்பு இது: "இந்த முட்டி இனி எவன் முன்னாலும் மண்ணைத் தொடாது."

காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் கோயிலுக்குள் ஒரு மரக்கிராதி உண்டு. அதற்கு முன்பக்கம் பெஞ்சில் வடக்குத் தெரு. பின்பக்கம் தரையில் தெற்குத் தெரு. ஒரு கிறிஸ்துமஸ் நாளில் நெரிசல் தள்ளியதில் இஞ்ஞாசியின் தகப்பனார் கிராதியைத் தாண்டி ஓர் அடி வைத்துவிட்டார். பூசை முடியும்வரை அவரைக் கோயில் வாசலில் முட்டி போட வைத்தார்கள். இஞ்ஞாசிக்கு அப்போது பத்தொன்பது வயது. அன்றைக்கு வெளியே வந்தவர்தான். தங்கையின் கல்யாணத்துக்குக்கூட வேப்பமரத்தடியில் நின்று, மணிச் சத்தத்தைக் கேட்டு, தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துகொண்டார். கிராதியைப் பிடுங்கியது அவர் நடத்திய போராட்டம். ஆனால் பிடுங்கிய பிறகும் அவர் உள்ளே வரவில்லை.

இப்போது வந்தார். மானத்தோடு வந்தார்.

முறைக்காரர் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நான்கு வாரமும் தினம் நண்பகல் மணிக்குக் கோயிலுக்கு வந்து மூவேளைச் செபம் சொல்ல வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முறை வடக்குத் தெருவுக்கே திரும்பிப் போகும். செபங்கள் இஞ்ஞாசிக்கு மறந்துபோயிருந்தன. கற்றுக்கொடுக்க உபதேசியார் செங்கோல்மேரி வந்தார். அவரும் தெற்குத் தெருதான். இஞ்ஞாசியைவிட இருபது வயது இளையவர். குரு குருதான் என்று இஞ்ஞாசி அவரை 'அம்மா' என்று அழைத்தார். அவர் இஞ்ஞாசியைத் 'தோழரே' என்று அழைத்தார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இஞ்ஞாசியால் பிரித்தறிய முடியவில்லை.

முதல் நாளே தகராறு.

"இதோ ஆண்டவருடைய அடிமை" என்று செங்கோல்மேரி சொல்லிக்கொடுத்தார்.

இஞ்ஞாசி வாயை மூடிக்கொண்டார்.

"என்ன தோழரே?"

"அடிமைங்கிற வார்த்தை இந்த வாயிலிருந்து வராது."

"அது மாதா சொன்னது. உங்களை யாரு சொல்லச் சொன்னா? பக்கத்துல நின்னு கேளுங்க."

இஞ்ஞாசி கேட்டார். அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வரி, "வார்த்தை மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்." அதைச் சொல்லும்போது எல்லாரும் ஒரு முட்டியைத் தரையில் வைப்பார்கள். வைத்தார்கள். இஞ்ஞாசி தந்திக்கம்பம்போல நின்றார்.

மணியடிக்கும் கோயில்பிள்ளை ராயப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார். "தோழருக்கு முட்டியில வாதமா, கொள்கையா?"

"கொள்கை."

"அப்ப தைலம் கேட்காது" என்றார் ராயப்பன்.

பத்து நாள் இப்படியே போயிற்று. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் திருவருகை மெழுகுவர்த்திகளில் இரண்டாவதும் ஏற்றியாகிவிட்டது. வடக்குத் தெருவில் பேச்சு கிளம்பியது. செபத்துக்கே முட்டி போடாதவன் பாலனை எப்படித் தொடலாம், கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒன்று அவன் முட்டி போட வேண்டும், இல்லை முறையை விட வேண்டும். எப்படியும் நமக்குத்தான் ஜெயம் என்றார்கள். அது இஞ்ஞாசியின் காதுக்கும் வந்தது. அவர் குருவிடம் போனார்.

"அம்மா, நேரா கேட்கிறேன். முட்டி போடாம பாலனைக் குடில்ல வைக்க வழி உண்டா?"

"தாராளமா. இத்தனை வருஷமா அப்படித்தானே வைக்கிறாங்க."

செங்கோல்மேரி அவரைக் கோயிலின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரையொட்டி, மார்பளவு உயரத்தில், செங்கல்லும் காரையும் வைத்துக் கட்டிய ஒரு மேடை இருந்தது. வருடாவருடம் அதன்மேல்தான் குடில் போடுவார்கள்.

"இது எதுக்கு இவ்வளவு ஒசரம்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"

"எல்லாருக்கும் தெரியணும்னு."

"இல்ல. முதல்ல குடில் தரையிலதான் இருந்துச்சு, வெறும் வைக்கோல் மேல. வடக்குத் தெருப் பெரியபண்ணைக்கு முறை வந்த வருஷம் அவர் சாமியார்கிட்டச் சொன்னாராம்: என் முட்டி எவன் முன்னாலும் மண்ணைத் தொடாது. ரெண்டே நாள்ல மேடை எழும்பிடுச்சு. கல் சுமந்தது நம்ம தெரு."

இஞ்ஞாசியின் முகம் கறுத்தது. "கதை கட்டாதீங்க."

"ஓரத்துல பாருங்க."

மேடையின் ஓரத்தில் ஒரு கல் பதித்திருந்தது. பெரியபண்ணையின் பெயரும், உபயம் என்ற சொல்லும், வருடமும் வெட்டியிருந்தன. இஞ்ஞாசி விரலால் தடவிப் படித்தார்.

"அவன் சொன்னது திமிர்" என்றார். "நான் சொன்னது மானம். ரெண்டும் வேற."

"வேறதான்" என்றார் செங்கோல்மேரி. "மேடைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியாது. நீங்களும் நின்னபடியே வைக்கலாம். வசதியா இருக்கும்."

இஞ்ஞாசி வெளியேறினார். மறுநாள் நண்பகல் மணிக்கு வந்தபோது அவர் கையில் கத்தையாகக் காகிதம் இருந்தது. மை காயாத வாசனை. தலைப்பு: "குடிலைத் தரைக்கு இறக்கு!"

பங்குப் பேரவை கூடியது. பெரியபண்ணையின் பேரன் தைரியநாதன் முதலில் எழுந்தார்.

"தரையில வெச்சா நாய் வந்து மோந்து பார்க்கும்."

"மாட்டுத் தொழுவத்துல பிறந்த பிள்ளை. நாய்க்கெல்லாம் பயப்படாது" என்றார் இஞ்ஞாசி.

"வயசானவங்க எப்படிக் குனிவாங்க? எனக்கே மூட்டு வலி."

"எங்க தெருவுலயும் மூட்டு வலி உண்டு. உங்க வயல்ல நாத்து நட வர்றவங்க யாரும் மேடை கட்டிக் குடுன்னு கேட்டதில்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தைரியநாதன் பங்குச்சாமியாரைப் பார்த்தார். சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"குடில் போடுறது முறைக்காரர் உரிமை. அதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல."

மூன்றாம் வாரம், ரோஸ் நிற மெழுகுவர்த்தி ஏற்றிய மறுநாள், இஞ்ஞாசி கடப்பாரையோடு வந்தார். உதவிக்கு வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். முதல் இடி அவரே இடித்தார், கடைசி இடியும் அவரே. கட்சி மேடைகளில் கேட்ட கைதட்டல் எதுவும் அந்தக் காரை உதிரும் சத்தத்துக்கு ஈடாகாது என்று அவருக்குத் தோன்றியது. மற்றவர்கள் மண்ணைக் கூட்டி, சாணி மெழுகி, வைக்கோல் பரப்பியதும், வேர்வையோடு குருவின் முன் வந்து நின்றார்.

"வடக்குத் தெரு மொத்தமும் இனிக் குனியணும், அம்மா."

"ஆமா."

"பாலனுக்கு முத்தம் குடுத்து முத்தி செய்யணும்னா முட்டி போட்டே ஆகணும். பெரியபண்ணை பேரன் உட்பட."

"ஆமா."

"நூறு வருஷத்துல முதல் தடவை. உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?"

"இருக்கு. பாலனை வைக்கிறவர் யாரு, தோழரே?"

"முறைக்காரர்" என்று சொன்ன பிறகுதான் இஞ்ஞாசிக்கு உறைத்தது.

அவர் ஊரையே கிளப்பிவிட்டிருக்கிறார். தன் முட்டியை மறந்துபோனார். ஊர்வலத்தை நடத்துகிறவன் தன் செருப்பை மறந்துவிட்டுப் போவதுபோல.

மறுநாள் மதியம் பூசை உடுப்பு வைக்கும் அறையில் இஞ்ஞாசி ஒரு பூசணிக்காயைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். முட்டியை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்தால் போதுமே. வளைத்தார். பாதி தூரம் போனதும் முதுகு நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. பூசணி உருண்டு ராயப்பன் காலடியில் போய் நின்றது.

"பாலன் எங்கிட்டயே வந்துட்டாரு, தோழரே" என்றார் ராயப்பன்.

இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வரவில்லை. குருவைத் தேடிப் போனார். செங்கோல்மேரி பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"வேற ஆளை அனுப்பட்டுமா, அம்மா?"

"முறைக்காரரை நடுவுல மாத்த வழக்கமில்ல. நீங்க விட்டா முறை வடக்குத் தெருவுக்குப் போகும். தைரியநாதன் வேட்டி எடுத்து வெச்சிட்டாராம்."

"அப்ப என் வார்த்தை? நாப்பத்தெட்டு வருஷம் காப்பாத்தின வார்த்தை. அதை நம்பி அடி வாங்கினவங்க இருக்காங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

செங்கோல்மேரி பசையைத் தடவிக்கொண்டே இருந்தார். இஞ்ஞாசி அட்டை போட்ட புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த நாட்களிலும் தவறாமல் நண்பகலில் வந்தார். அதே வரியில் எல்லாரும் முட்டி வைத்தார்கள். அவர் நின்றார். நின்றவரைக் குரு ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலிக்குக் கோயில் நிறைந்து வழிந்தது. தெற்குத் தெரு முழுக்க வந்திருந்தது. இஞ்ஞாசியோடு மறியலில் நின்று மண்டை உடைந்த சந்தியாகு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வடக்குத் தெருவும் ஒருவர் விடாமல் வந்திருந்தது. பூசைக்கு மட்டும் வந்த கூட்டமல்ல அது.

பீடத்திலிருந்து சாமியார் பாலனின் சுரூபத்தை எடுத்து இஞ்ஞாசியின் கைகளில் வைத்தார். மரத்தில் செதுக்கிய பழைய சுரூபம். தெற்குத் தெருவின் கை அதன்மேல் பட்டது அதுதான் முதல் முறை. பாடகர்கள் தாலாட்டுப் பாடினார்கள். இஞ்ஞாசி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே, கிராதி இருந்த இடத்தைத் தாண்டி, ஒரு ராஜா தன் பேரனைத் தூக்கிப் போவதுபோல நடந்தார். செங்கோல்மேரி மெழுகுவர்த்தியோடு கூடவே வந்தார்.

குடில் வந்தது. காலடியில் வைக்கோல்.

இஞ்ஞாசி நின்றார். பாட்டு முடிந்துவிட்டது. வடக்குத் தெருப் பெஞ்சுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. தைரியநாதன் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா" என்றார் இஞ்ஞாசி, உதடு அசையாமல். "வடக்குத் தெரு மொத்தமும் என் முட்டியையே பார்க்குது."

செங்கோல்மேரி மெழுகுவர்த்தியைக் கீழே இறக்கி வைக்கோலுக்கு வெளிச்சம் காட்டினார்.

"பார்க்கட்டும், தோழரே. யாரும் சொல்லாம ஒரு மனுஷன் முட்டி போடுறதை அவங்க இன்னும் பார்த்ததேயில்ல."